‘குளிரான இடத்தில் வைக்கவும்’: மலையகத்தில் இந்த வரிக்கு என்ன பொருள்?

ராகலைக்காரி

கடந்த மாதம் எங்கள் வீட்டில் நடந்த ஒரு விடயத்தை இங்கே எழுதி, உங்களுடைய கருத்துகளையும் அறிந்துகொள்ள விரும்புகிறேன். நான் நுவரெலியாவில் வேலை செய்கிறேன். ராகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பத்தொரு வருடம் கொழுந்தெடுத்து ஓய்வுபெற்ற அம்மா, இன்னும் அதே லயத்து வீட்டில்தான் இருக்கிறார். முழங்கால் வலியினால் அடுப்படியில் நெடுநேரம் நிற்க அவரால் இயலாது. ஆகவே வார இறுதியில் போகும்போது, சூடாக்கி உண்ணக்கூடிய சாப்பாட்டுப் பொதிகள் இரண்டு மூன்றை வாங்கிச் செல்வேன். அன்று வாங்கியவற்றில் ஒன்று, காற்று நீக்கி ஒட்டப்பட்ட 300 கிராம் பருப்புக் கறிப் பை. சுப்பர் மார்க்கெட்டின் குளிர்த்தட்டிலிருந்து என் கையாலேயே எடுத்தேன். காலாவதித் திகதிக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது.

புதன்கிழமை இரவு அம்மா தொலைபேசியில் அழைத்து, “பருப்புப் பை தலகாணி மாதிரி ஊதிக்கிட்டு நிக்குது, வெட்டவா வேணாமா?” என்று கேட்டார். எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். சமையலறை ஜன்னல் கட்டையில் என்றார். தம்பி வாங்கிக் கொடுத்த சிறிய பிரிட்ஜ் வீட்டில் இருக்கும்போது ஏன் ஜன்னலில் வைத்தீர்கள் என்று சற்றுக் கோபத்துடன் கேட்டுவிட்டேன். “குளிரான இடத்துல வைக்கச் சொல்லித்தானே போட்டிருக்கு. நம்ம வீட்ல அதைவிடக் குளிரான இடம் எது?” என்றார்.

பையைத் தொடாமல் வைத்திருக்கச் சொல்லிவிட்டு, சனிக்கிழமை போய் நானே வாசித்தேன். 5 பாகை செல்சியசுக்குக் கீழ் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும், திறந்தால் 24 மணித்தியாலத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்று ஆங்கிலத்தில் இருந்தது. சிங்களத்திலும் அதே இரண்டு செய்திகள், அதே இலக்கங்களுடன் இருந்தன. தமிழில் மட்டும் ‘குளிரான இடத்தில் வைக்கவும்’ என்ற ஒரேயொரு வரி. பையைப் படமெடுத்துவிட்டுத் தோட்டத்துக் குழியில் புதைத்தேன்.

அம்மாவுக்குத் தமிழ் நன்றாக வாசிக்கத் தெரியும். எழுதியிருந்ததை வாசித்து, வாசித்தபடியே நடந்தார். பிழை யாருடையது என்று உங்களைக் கேட்கிறேன்.

கடைத்தெரு

தங்கச்சி, ஹட்டனில் இருபது வருடமாகக் கடை நடத்துகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன், தவறாக எண்ண வேண்டாம். குளிர்த்தட்டிலிருந்து எடுத்த பொருளை வீட்டிலும் அவ்வாறே வைக்க வேண்டும் என்பது பொதுவாக எவருக்கும் தெரிந்த விடயம். வாங்கிய நீங்கள் ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்திருக்கலாம். சிறிய உற்பத்தியாளர்களுக்கு மூன்று மொழியில் அச்சிடுவது எத்தனை சிரமம் என்பதையும் யோசித்துப் பாருங்கள். பையின் பின்புறத்தில் உள்ளங்கை அளவு இடம்தான் இருக்கிறது. அதற்குள் சேர்மானப் பட்டியல், விலை, தொகுதி இலக்கம், இரண்டு திகதிகள், விலாசம் எல்லாம் அடங்க வேண்டும். தமிழ் எழுத்து நீளமாகவும் போகிறது. வெட்டிச் சுருக்கியிருப்பார்கள், வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்கள்.

ஓய்வுபெற்ற பரிசோதகர்

பொதுச் சுகாதாரப் பரிசோதகராக மலையகத்தின் மூன்று சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளில் வேலை செய்து ஓய்வுபெற்றவன் நான். கடைக்கார ஐயா சொல்வதில் ஒரு பகுதியை மட்டுமே என்னால் ஏற்றுக்கொள்ள முடிகிறது. இடம் போதாவிட்டால் எழுத்தைச் சிறிதாக்கலாம், அலங்காரப் படத்தைக் குறைக்கலாம். இலக்கத்தை எடுத்துவிட முடியாது. இந்த விடயத்தில் பாதுகாப்பு முழுவதும் அந்த ‘5’ என்ற இலக்கத்தில்தான் இருந்தது.

நுவரெலியாவின் வருடாந்தச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ். தை, மாசியில் விடியற்காலை புல்லின் மேல் உறைபனி படிவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஊரே ஒரு பெரிய குளிர்சாதனப் பெட்டி என்ற எண்ணம் வருவது இயல்பு. அதே நாளில் நண்பகல் வெயில் ஜன்னல் கட்டையில் விழும்போது வெப்பநிலை 20 பாகையையும் தாண்டிவிடும். உணவைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் பெருகும் எல்லை 5 பாகையிலிருந்து 60 பாகை வரை என்றுதான் எங்களுக்குக் கற்பித்தார்கள். நமக்குப் போர்வை தேவைப்படும் 16 பாகை, அவற்றுக்குச் சற்று மெதுவாக வேலை செய்யும் நாள், அவ்வளவுதான்.

காற்று நீக்கிய பையில் இன்னொரு சிக்கலும் உண்டு. காற்றில்லாத இடத்திலேயே வளரும் குளொஸ்ட்ரிடியம் இனத்து நுண்ணுயிர்களின் வித்திகள், சாதாரணமாகக் கொதிக்க வைப்பதால் அழிவதில்லை. பொட்டுலிசம் என்ற நோயைத் தரும் நஞ்சு உண்டாவதும் இந்த இனத்தில் ஒன்றினால்தான். அம்மாவின் பையில் என்ன வளர்ந்தது என்று ஆய்வு செய்யாமல் சொல்ல முடியாது. ஆனால் ஊதிய பையை அவர் வெட்டாமல் கேட்டது மிகவும் நல்ல காரியம். பை ஊதாமல், வாடையும் வராமல் உணவு கெட்டிருக்கக்கூடும் என்பதையும் எல்லோரும் நினைவில் வைத்திருங்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம், உணவின் தன்மை, தரம், சேர்மானம், பாதுகாப்பு ஆகியவற்றைப் பற்றிப் பிழையான எண்ணத்தை உண்டாக்கும் விதத்தில் சுட்டுத்துண்டு (லேபல்) இடுவதைத் தடை செய்கிறது. ஒரு மொழியில் சரியாகவும் இன்னொரு மொழியில் பிழையாகவும் எழுதுவது, அந்த இன்னொரு மொழிக்காரருக்குப் பிழையான எண்ணத்தை உண்டாக்குவதேயாகும். தமிழும் அரசகரும மொழியாகும் என்று 1987இல் பதின்மூன்றாம் திருத்தத்தில் எழுதியாகிவிட்டது. பருப்புப் பைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை போலும்.

அடுத்த முறை இப்படி நடந்தால் பையைப் புதைக்க வேண்டாம், மகள். பிரிக்காமல், இன்னொரு பையில் இட்டுக் கட்டி, பற்றுச்சீட்டுடன் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். அதே தொகுதி இலக்கமுள்ள பைகளைக் கடையிலிருந்து மாதிரியாக எடுத்து, அரச இரசாயனப் பகுப்பாய்வாளருக்கு அனுப்பும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. விலை, திகதி ஆகியவற்றில் மோசடி இருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்தை அழைக்கலாம்.

கணக்கு வாத்தியார், வெலிமடை

அந்தப் படத்தை இங்கே இடுமாறு கேட்டு வாங்கிப் பார்த்தேன். எனக்கு வேறொன்று கண்ணில் பட்டது. ‘ஒரு பரிமாறலுக்கு 60 கிராம், சோடியம் 310 மில்லிகிராம், பொதியில் 5 பரிமாறல்கள்’ என்று போட்டிருக்கிறார்கள். அறுபது கிராம் பருப்பு என்பது நம் வீட்டுக் குழிக்கரண்டியில் ஒன்று கூட இல்லை. ஒரு ரொட்டிக்கு அதை வைத்துப் பாருங்கள், அடுத்த ரொட்டிக்குச் சம்பலைத் தேட வேண்டி வரும்.

சோடியத்தை 2.5ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வரும். 310ஐ 5ஆல் பெருக்க 1,550 மில்லிகிராம் சோடியம். அதாவது ஒரு பையில் ஏறத்தாழ 3.9 கிராம் உப்பு. வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உங்கள் அம்மா ஒரு வேளைக்கு அரைப் பை சாப்பிட்டாலே இரண்டு கிராம் அதிலேயே போய்விடுகிறது. பிரஷர் குளிசை எடுக்கிறவராக இருந்தால், ‘310’ என்ற சிறிய இலக்கத்தைப் பார்த்து ஏமாந்துவிடுவார். இதில் எழுத்துக்கு எழுத்து எல்லாம் உண்மை. இருந்தும் வாசிக்கிறவர் மனதில் பொய்தான் பதிகிறது.

இதற்காகத்தான் நிற வட்டங்கள் வந்தன. 2016இல் மென்பானங்களின் சீனிக்கும், 2019இல் திண்ம உணவுகளின் சீனி, உப்பு, கொழுப்புக்கும் ஒழுங்குவிதி கொண்டுவந்தார்கள். திண்ம உணவில் 100 கிராமுக்கு 1.25 கிராமுக்கு மேல் உப்பிருந்தால் சிவப்பு, 0.25 கிராமுக்குக் குறைந்தால் பச்சை, இடைப்பட்டது செம்மஞ்சள். இந்தப் பருப்பில் 100 கிராமுக்கு 1.29 கிராம் வருகிறது. எனவே சிவப்பு. மூன்று வட்டங்களும் பையின் முன்புறத்தில் அச்சிடப்பட்டுத்தான் இருக்கின்றன. ஆனால் உப்புக்குரிய வட்டத்தின் மேல், அதை முழுவதும் மூடும்படி, கடையின் விலைத்துண்டு ஒட்டப்பட்டிருக்கிறது. படத்தைப் பெரிதாக்கினால் துண்டின் ஓரத்தில் சிவப்பு ஒரு நகக்கீறல் அளவுக்குத் தெரிகிறது.

இன்னொன்று, விளையாட்டாகத்தான் சொல்கிறேன்: ‘கொதிநீரில் 3 நிமிடம் வைக்கவும்’ என்ற வரியும் கொழும்பில் இருந்து எழுதியதுதான். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். பருப்பு அவியாமல் விறகைக் குறை சொல்லும் நம் பெண்களுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

கடைத்தெரு

விலைத்துண்டு பற்றி நான் பதில் சொல்லியாக வேண்டும். காலை ஆறரைக்குப் பையன் ஒருவன் முந்நூறு பொதிக்குத் துண்டு ஒட்டுகிறான். சுருக்கமில்லாத இடம் எங்கே இருக்கிறதோ அங்கே ஒட்டுவான். வட்டம் என்ன, சதுரம் என்ன என்று அவனுக்குத் தெரியாது. என் கடையிலும் அப்படி நடந்திருக்கலாம். நேற்று இதை வாசித்த பின் இறாக்கையில் போய்ப் பார்த்தேன். நடந்துதான் இருக்கிறது. பிஸ்கட் பெட்டிகளில் சீனி வட்டத்தின் மேலேயே வரிசையாக ஒட்டியிருக்கிறான். இன்று முதல் பின்புறத்தில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். ஆனால் காசாளருக்கு ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்க்க வேண்டியிருப்பதால் வரிசை நீள்கிறது என்ற முறைப்பாடு இப்போதே வந்துவிட்டது.

பொகவந்தலாவை, தற்போது லண்டன்

இங்கே நான் ஒரு பெரிய உணவுக் களஞ்சியத்தில் வேலை செய்வதால், வெள்ளைக்காரர்களின் லேபல் எல்லாம் ஒழுங்கு என்ற எண்ணம் ஊரில் இருப்பவர்களுக்கு வேண்டாம் என்பதைச் சொல்ல வருகிறேன். 2013 ஜனவரி 15ஆம் திகதி, அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை ஓர் ஆய்வு முடிவை வெளியிட்டது. மாட்டிறைச்சி பேர்கர் என்று விற்கப்பட்ட 27 மாதிரிகளில் 10இல் குதிரையின் மரபணுவும், 23இல் பன்றியின் மரபணுவும் இருந்தன. அடுத்த மாதம், சூடாக்கி உண்ணும் லசான்யா பொதிகளில், மாட்டிறைச்சி என்று எழுதியிருந்த இடத்தில் 60 முதல் 100 வீதம் வரை குதிரை இறைச்சி கண்டுபிடிக்கப்பட்டது. அதனால் யாரும் நோயுற்றுப் படுக்கவில்லை. ஆனால் பன்றி உண்ணாத முஸ்லிம் குடும்பங்கள் எத்தனை அதை வாங்கியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு நாட்டில் அறுத்து, இன்னொரு நாட்டில் அரைத்து, மூன்றாம் நாட்டில் பொதி செய்யும்போது, லேபலில் இருப்பது முந்தியவர் எழுதிக் கொடுத்த கடதாசியின் பிரதி மட்டுமே.

இன்னொன்று நடாஷா என்ற பதினைந்து வயதுப் பிள்ளையின் மரணம். 2016இல், கடையொன்றிலேயே செய்து அங்கேயே சுற்றி வைத்திருந்த பாண் ஒன்றை வாங்கிச் சாப்பிட்டாள். மாவில் எள் கலந்திருந்தது. அவளுக்கு எள் ஒவ்வாது. விற்கும் இடத்திலேயே பொதி செய்யும் உணவுக்கு முழுச் சேர்மானப் பட்டியல் எழுதத் தேவையில்லை என்பது அன்றைய விதி. பெற்றோர் விடாமல் போராடி, 2021 ஒக்டோபர் 1 முதல் அத்தகைய உணவுக்கும் சேர்மானமும் ஒவ்வாமைப் பொருள்களும் எழுதப்பட வேண்டும் என்ற சட்டம் வந்தது. நடாஷா சட்டம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். இப்போது நம்மூர்ச் சோற்றுப் பார்சலை நினைத்துப் பாருங்கள். அதுவும் விற்கும் இடத்தில் சுற்றியதுதான். அதில் லேபல் ஏது?

பண்டாரவளைச் சமையலறை

சோற்றுப் பார்சலில் லேபல் இல்லை என்பது உண்மைதான் அண்ணா. ஆனால் அதைச் சுற்றிக் கொடுக்கிறவரின் முகம் அங்கே இருக்கிறது. காலையில் சமைத்தது மத்தியானம் முடிந்துவிடும். கெட்டுப்போனால் மறுநாளே கடை வாசலில் நின்று சண்டை போடலாம். பொதியில் அடைத்து, பத்து நாள் வைத்து, முகம் தெரியாத ஊருக்கு அனுப்பும்போதுதான் முகத்துக்குப் பதிலாக எழுத்து தேவைப்படுகிறது. நான் வீட்டிலிருந்து சம்பலும் கறிகளும் செய்து விற்கிறவள் என்பதால் இதைச் சற்று விரிவாக எழுத அனுமதியுங்கள், ஏனென்றால் இதில் நானும் ஒரு முறை தவறியிருக்கிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன்பு சீனிச் சம்பல் போத்தல்களில் ‘சீனிச் சம்பல்’ என்று மட்டும் எழுதி, என் தொலைபேசி இலக்கத்தைப் போட்டு விற்றேன். சீனிச் சம்பலில் மாசிக் கருவாடு போடுவார்கள் என்பது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும், எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்தேன். கார்த்திகை மாதம், ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்த ஒரு தம்பி, பெயரில் வெங்காயமும் சீனியும்தானே வருகிறது என்று எண்ணி வாங்கி, ஐந்து நாள் இடியப்பத்துடன் சாப்பிட்டிருக்கிறார். ஆறாம் நாள் பல்லில் ஒரு மாசித் துண்டு அகப்பட்டிருக்கிறது. அவர் என்னைத் திட்டவில்லை. “அக்கா, ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே” என்று மட்டும் சொன்னார். மீதிச் சம்பலுடன் போத்தலைத் திருப்பி வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து போத்தலின் முன்பக்கத்தில், சம்பலின் பெயருக்கு அடுத்த வரியிலேயே, அதே அளவு எழுத்தில், ‘மாசிக் கருவாடு சேர்ந்தது’ என்று எழுதுகிறேன். அதனால் விற்பனை குறைந்தது என்பதையும் மறைக்கவில்லை. பின்னர் மாசியில்லாமல் வேறாக ஒரு போத்தல் செய்யத் தொடங்கினேன்.

திகதி விடயத்தில் எனக்கு இன்னும் பயம்தான். ஒரு உணவு எத்தனை நாள் தாங்கும் என்பதை ஆய்வுகூடத்தில் பரிசோதிக்க என்னைப் போன்றவர்களிடம் பணமில்லை. மற்றவர்கள் மூன்று மாதம் போடுகிறார்கள், நீயும் போடு என்று கடைக்காரர்கள் சொல்கிறார்கள். தேங்காய்ப்பால் சேர்ந்த கறிக்கு நான் இரண்டு நாளுக்கு மேல் போடுவதில்லை. 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்ட காலத்தில், அந்த இரண்டு நாளையும் போட எனக்கு மனம் வராமல், கறி விற்பதையே நிறுத்திவிட்டுச் சம்பல் மட்டும் விற்றேன். அதே நாட்களில் பெரிய கடைகளின் குளிர்த்தட்டுகளில், மூன்று வாரத் திகதியிட்ட பொதிகள் அப்படியே அடுக்கப்பட்டிருந்தன. திகதி அச்சிட்டவருக்கு, அந்தக் கடையின் மின்பிறப்பாக்கி இரவில் ஓடியதா என்பது எப்படித் தெரியும்?

தொழிற்சாலைக்காரர், தலவாக்கலை

தேயிலைக்காரன் ஒருவனின் குறிப்பு, சுருக்கமாக. தேயிலைச் சபையின் சிங்க இலச்சினை ஒரு பெட்டியில் இருந்தால், உள்ளே நூறு வீதம் இலங்கைத் தேயிலை இருக்க வேண்டும், அது இலங்கையிலேயே பொதி செய்யப்பட்டிருக்கவும் வேண்டும். அந்த நம்பிக்கையை ஏதோவொரு நாட்டுப் பாவனையாளருக்குக் கொடுப்பதற்காக, நம் பெண்கள் பறிக்கும் கொழுந்து வாடும் தட்டிலிருந்து கலவை வரை எத்தனை தடவை பதியப்படுகிறது என்பதை நான் தினமும் பார்க்கிறேன். அதைப் பறித்த கை, தன் வீட்டு ஜன்னலில் வைத்த பருப்புப் பைக்கு ஒரு சரியான வரி கிடைக்காமல் நிற்கிறது.

ராகலைக்காரி

எல்லோருக்கும் நன்றி. கடைக்கார அண்ணன் தன் கடையிலேயே போய்ப் பார்த்ததற்குத் தனியாக நன்றி. பரிசோதகர் ஐயா எழுதியதை வாசித்த பின், உற்பத்தியாளருக்குப் படத்துடன் எழுதினேன். பதில் ஆங்கிலத்தில் வந்தது. அடுத்த அச்சில் திருத்துவதாகவும், விரும்பினால் சரியான தமிழ் வரியை நானே அனுப்பலாம் என்றும் எழுதியிருக்கிறார்கள். அதாவது, அங்கே தமிழ் வாசிக்கிறவர் ஒருவரும் இல்லை என்பதை மரியாதையாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே வரியை இங்கேயே எழுதிவிடுவோம். உங்கள் ஆலோசனைகளைத் தாருங்கள்.

ஓய்வுபெற்ற பரிசோதகர்

‘5 பாகை செல்சியசுக்குக் குறைந்த வெப்பநிலையில் குளிரூட்டி வைக்கவும். திறந்த பின் 24 மணித்தியாலத்துக்குள் பயன்படுத்தவும்.’

கடைத்தெரு

ஐயா, ‘குளிரூட்டி’ என்றால் என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஏ.சி. என்று நினைப்பார்கள். ‘குளிர்சாதனப் பெட்டி’ என்று போடுங்கள்.

கணக்கு வாத்தியார், வெலிமடை

அதற்குள் மேல்தட்டும் அடங்கும். உறைநிலைப் பகுதியில் வைத்துக் கல்லாக்கிவிட்டு, பின் வெளியில் வைத்து இளக்கி, மறுபடியும் உள்ளே வைப்பார்கள். ‘உறைய வைக்க வேண்டாம்’ என்பதும் சேர வேண்டும்.

பண்டாரவளைச் சமையலறை

நான் என் போத்தலில் எழுதுவது போல் எழுதட்டுமா? ‘பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்கவும் (5 பாகைக்குக் கீழ்). வெளியில் வைத்தால், குளிர் காலத்திலும் கெட்டுவிடும். திறந்தால் மறுநாளைக்குள் முடிக்கவும். பை ஊதியிருந்தால் உண்ண வேண்டாம்.’ பிரிட்ஜ் என்ற சொல் தமிழல்ல என்று யாராவது சண்டைக்கு வருவீர்கள் என்று தெரியும். என் வாடிக்கையாளர் எவரும் என்னிடம் குளிர்சாதனப் பெட்டி என்று சொன்னதில்லை.

ராகலைக்காரி

பண்டாரவளை அக்காவின் வரியை அம்மாவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். விளங்குகிறது, நல்லா இருக்கு என்றார். பிறகு சற்று யோசித்து, “கரண்ட் போனா எவ்வளவு நேரம் தாங்கும்னும் போடச் சொல்லு” என்றார். நேற்றும் மழைக்கு இரவு ஏழு மணிக்குப் போன மின்சாரம் விடியத்தான் வந்ததாம்.

ஐயா, அதற்கு என்ன எழுதுவது?

ஓய்வுபெற்ற பரிசோதகர்

கதவைத் திறக்காமல் வைத்திருந்தால் நான்கு மணித்தியாலம். அதற்கு மேல் இத்தகைய பொதியை நம்ப வேண்டாம். அம்மாவிடம் நேற்றைய இரவு உள்ளே என்ன இருந்தது என்று முதலில் கேளுங்கள், மகள். வரியைப் பிறகு எழுதுவோம்.